எவ்வளவு இல்லை

மே ஒன்று. எஸ்டேட் கேட் பூட்டியிருந்தது.
போக வேறு இடமில்லாமல் போனேன்.
நொச்சிக்காட்டுப் பள்ளிக்கூடத்து வாசலில் பந்தல்;
நாற்காலி கிடைக்காதவர்களோடு
பனிமூட்டமும் உள்ளே வந்து நின்றது.

"முதல்ல கையெழுத்தப் போடு" என்றார்கள்.
நூறு பேர் இருந்தால்தான் சபை.
நான் தொண்ணூற்றேழு.
எனக்குப் பின்னால் தீப்பெட்டி கேட்டு வந்த ஒருவர்,
நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி,
பிறகு யாருடையதோ ஒரு கட்டைவிரல்.
நூறானதும் ஊராகிவிட்டோம்.
மிக்சர் பொட்டலம் கொடுத்தார்கள்.

செயலர் வாசித்தார்,
கொண்டை ஊசி வளைவில்
பிரேக் பிடிக்காத லாரி மாதிரி:
நிதிநிலை கருதியும் சிக்கனம் கருதியும்
மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் இருவர் என்பது ஒருவராகவும்
தொட்டி கழுவுதல் மாதம் இருமுறை என்பது ஒருமுறையாகவும்
தெருவிளக்குகள் பதினான்கும் இரவு எட்டு மணியோடு
அணைக்கப்படவும் இச்சபை ஏகமனதாக

ஏகமனது வந்தபோது நான்
மிக்சரில் கடலை தேடிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு இல்லை?"

இளையம்மா. ஏணி போட்டு மிளகு பறிக்கிறவள்.
எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள்.
"நிதி இல்லைம்மா" என்றார் செயலர்.
"அதான் சாமி. எவ்வளவு இல்லை?"

இருக்கிற பணத்துக்குக் கணக்கு கேட்டு
சண்டை போட்டவர்களை இந்த மலை பார்த்திருக்கிறது.
இல்லாததை அளக்கச் சொல்லி
யாரும் கேட்டதில்லை.

தலைவர் மைக்கைத் தட்டினார்.
அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.
"மேலேருந்தே வரலை" என்றார்.
அவர் சொன்ன மேலே
கீழே சேலத்தில் இருக்கிறது.
நாங்கள் இருபது வளைவு ஏறி
அதற்கும் மேலே உட்கார்ந்திருந்தோம்.

பேரேடு புரண்டது. ஈரத்தில் தாள்கள் ஒட்டியிருந்தன.
லட்சத்தில் ஏதோ வரப்போகிறது என்று
பொட்டலத்தை மடித்து வைத்தேன்.
விளக்குக்கு மட்டும், மாதத்துக்கு,
மூவாயிரத்து நூற்று நாற்பது.

அவ்வளவுதான் இல்லை.

பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார்.
நர்சிங் பெண் திரும்பிப் பார்த்து
"இந்த பேனர் எவ்வளவு?" என்றாள்.
அதற்குப் பேரேட்டைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை,
ஆனாலும் செயலர் புரட்டினார்.

போன மாதம் புளியமர வளைவில்
காட்டெருமை நின்றது. விளக்கிருந்ததால் தெரிந்தது.
எட்டு மணிக்கு மேல் நிற்காதே என்று
அதனிடம் தீர்மானம் போட முடியாது.

"எரியணும்கிறவங்க கை தூக்குங்க."

என் எதிரே எஸ்டேட் ரைட்டர்.
தலைவருக்கு மச்சினர். எனக்கு ஆஜர் போடுகிறவர்.
தலை சொறிவதுபோல் கையை உயர்த்தினேன்.
உண்மையிலேயே கொஞ்சம் சொறிந்தேன்.
செயலர் பேனாவால் காற்றைக் குத்திக்கொண்டே வந்தார்.
"அறுபத்திரண்டு" என்று என்னைக் குத்தினார்.
அப்புறம் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.
அப்படியே வைத்திருந்தேன்.

விளக்குகள் இப்போது பத்தரை வரை எரிகின்றன.
பன்னிரண்டு எரிகின்றன.
மற்ற இரண்டு பல்பு வாங்குவதில் நிற்கின்றன.

தொட்டிக்கு ஆள் ஒருவர்தான்.
நிறுத்தப்பட்டவர் சடையன்.
அன்று பந்தலில் இருந்தார், கையெழுத்து நாற்பத்தொன்று.
அவருடைய சம்பளம் எவ்வளவு இல்லை என்று
கேட்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது;
பந்தல்காரர் துணியை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.
இப்போது என் பக்கத்து வரிசையில் காப்பிச் செடிக்குக் களை எடுக்கிறார்.
சாப்பாட்டு நேரத்தில் தொட்டியைப் பார்க்கிறார்.
கழுவினதுபோல் தெரியவில்லை என்கிறார்.

அடுத்த சபை ஆகஸ்ட் பதினைந்து.
அன்றைக்கும் எஸ்டேட் லீவுதான்.